வங்கி அறிக்கையைக் கணக்கில் ஏற்றுதல்: மென்பொருளிடம் எதை விடலாம்?

வங்கியிலிருந்து இறக்கிய கோப்பைக் கணக்கு மென்பொருளுக்குள் கொண்டுவரும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும், ஒன்றும் விடுபடாமல், எதுவும் இரண்டு முறை ஏறாமல், சரியான தேதியோடும் தொகையோடும் பதிவாக்குவது முதல் வேலை. அப்படி ஏறிய வரி மளிகையா, மருந்தா, கொடுத்த கடனா என்று தலைப்பு இடுவது இரண்டாவது. இரண்டும் ஒரே திரையில், ஒரே பொத்தானில் முடிந்துவிடுவதால் ஒரே வேலைபோலத் தெரிகின்றன. கணக்கு எழுதுகிறவர் இவற்றைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். முதல் வேலையில் பிழை வந்தால் காட்டிக்கொடுக்க ஒரு சாட்சி உண்டு: அறிக்கையில் வங்கி அச்சிடும் இருப்பு. ஒரு வரி விட்டுப்போனாலும் ஒரு வரி இரட்டித்தாலும் உங்கள் புத்தக இருப்பு அதோடு ஒட்டாது. இரண்டாவது வேலைக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. 640 ரூபாய் மருந்துச் செலவை மளிகையில் போட்டாலும் இருப்பு பைசா பிசகாமல் பொருந்தும். ஆண்டு முழுக்க அப்படியே போட்டு வந்தாலும் பொருந்தும். ஆகவே ஏற்றுவதை மென்பொருளிடம் துணிந்து விடலாம், இருப்பை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். தலைப்பிடுவதில் அதன் யோசனையைக் கேட்கலாம், முடிவை மட்டும் அதன் கையில் கொடுக்கக் கூடாது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். எஞ்சியது அதற்கான காரணங்களும் செய்முறையும்.

உதாரணத்துக்கு க்னூகேஷை எடுத்துக்கொள்கிறேன். 1998-இல் முதல் பதிப்பு வந்த கட்டற்ற மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம். இரட்டைப் பதிவு முறையில் இயங்குகிறது. இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு வரிக்கு இந்தத் தலைப்பை ஏன் பரிந்துரைத்தது என்று அதன் மூலநிரலைத் திறந்தே பார்த்துவிடலாம். கைபேசிச் செயலிகளில் பெரும்பாலானவை இந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை.

முதல் வேலை எவ்வளவு சுலபம் என்பதைக் கோப்பின் வடிவம் தீர்மானிக்கிறது. குவிக்கன் மென்பொருள் பரப்பிய பழைய க்யூஐஎஃப் வடிவத்தில் தேதி, தொகை, பெறுநர், குறிப்பு எல்லாம் இருக்கும். ஒரு வரியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் எண் இருக்காது. 04/05 என்றால் மே 4-ஆ ஏப்ரல் 5-ஆ என்பதையும் அந்தக் கோப்பு சொல்லாது. 1997-இல் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஓஎஃப்எக்ஸ் வடிவம் இரண்டு குறைகளையும் தீர்த்தது. அதில் தேதி எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வரும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எஃப்ஐடிஐடி என்ற அடையாள எண்ணை வங்கியே இடும். மென்பொருள் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வதால், அதே கோப்பை மறுநாள் ஏற்றினாலும் பழைய வரிகள் தாமாகவே ஒதுங்கிவிடும். (தரவிறக்கும் ஒவ்வொரு முறையும் புதுப்புது எண் போடும் வங்கிகளும் உண்டு, அங்கே இந்த ஏற்பாடு முழுவதும் வீண்.) ஓஎஃப்எக்ஸில் என்னென்ன களங்கள் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். பரிவர்த்தனையின் வகை, தேதி, தொகை, காசோலை எண், 32 எழுத்துக்குள் அடங்கும் பெயர், ஒரு குறிப்பு. மிஞ்சினால் கடையின் தொழில் குறியீடு வரலாம். பணம் எதற்காகப் போனது என்பதற்கு அங்கே இடமே இல்லை.

நம் ஊர் வங்கி வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பிடிஎஃப், எக்ஸெல், சிஎஸ்வி மூன்றில் ஒன்று. பிடிஎஃப்பைத் தவிர்ப்பது நல்லது. அச்சிடுவதற்காக அமைந்த பக்கம் அது. நீளமான விவரம் இரண்டு மூன்று வரிகளாக மடிந்து கிடக்கும், பிரித்தெடுக்கும் கருவி அதைத் தனித்தனிப் பரிவர்த்தனை என்று எடுத்துக்கொள்ளும். எக்ஸெல் என்று பெயர் சூட்டிக்கொண்டு வரும் கோப்புகளில் சில உள்ளுக்குள் வெறும் உரைக் கோப்புகள்; நோட்பேடில் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சிஎஸ்வியில் பெயர், முகவரி, கிளை, ஐஎஃப்எஸ்சி என்று தொடக்கத்தில் பல வரிகள் இருக்கும். எத்தனை வரியைத் தாண்ட வேண்டும் என்று ஏற்றும் திரையில் சொல்லியாக வேண்டும். 1,25,000.00 என்ற தொகை மேற்கோள் குறிக்குள் இல்லையென்றால் காற்புள்ளிகளால் மூன்று நெடுவரிசையாகச் சிதறும். பற்றும் வரவும் தனித்தனி நெடுவரிசையில் வந்தால், பற்று நெடுவரிசையைக் குறி மாற்றி எடுத்துக்கொள்ளுமாறு க்னூகேஷிடம் குறிப்பிட வேண்டும். இந்த அமைப்புகளை ஒரு பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள். அடுத்த மாதம் அதே வங்கிக்கு இந்த வேலை இருக்காது. வங்கி தன் நெடுவரிசைகளை மாற்றும் வரை.

இந்தச் சிக்கல்களுள் மிக மோசமானது கண்ணுக்குப் படாமல் நடக்கிறது. யுபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 12 இலக்கக் குறிப்பெண் ஒன்று உண்டு. ஓஎஃப்எக்ஸ் இல்லாத இடத்தில் எஃப்ஐடிஐடியின் வேலையைச் செய்யக்கூடியது அதுதான். அறிக்கையில் அது தனி நெடுவரிசையாக வந்து, நீங்கள் அந்தக் கோப்பை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால், 11 இலக்கத்துக்கு மேற்பட்ட எண் என்பதால் அதை 4.12346ஈ+11 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் காட்டிய சுருக்கமே கோப்பில் எழுதப்படும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கும்போது வரும் உரையாடல் பெட்டியில் குறிப்பெண் நெடுவரிசையை உரை என்றும், தேதி நெடுவரிசையை நாள்-மாதம்-ஆண்டு என்றும் குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இறக்கிய மூலக்கோப்பை மட்டும் எந்த நிலையிலும் திருத்தாதீர்கள். ஒரு நகல் எடுத்து அதில்தான் கைவைக்க வேண்டும்.

குறிப்பெண் ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரே நாளில் ஒரே தேநீர்க் கடையில் காலையில் 30 ரூபாயும் மாலையில் 30 ரூபாயும் செலுத்தினால், தேதியும் தொகையும் பெயரும் அச்சு அசலாக ஒன்றே. இரண்டு வரியா, ஒரே வரி இரட்டித்ததா என்பதைக் குறிப்பெண் ஒன்றுதான் சொல்லும். அது இல்லாதபோது க்னூகேஷ் மதிப்பெண் போட்டு ஊகிக்கிறது. ஏற்கெனவே உள்ள பதிவின் தொகை அப்படியே பொருந்தினால் 3, தேதி ஒன்றாக இருந்தால் 3, நான்கு நாளுக்குள் இருந்தால் 2, விவரமும் குறிப்பும் பொருந்தினால் அதற்கு மேலும் கொஞ்சம். 14 நாளைத் தாண்டினால் பெரிய கழிவு. கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் புதுப் பதிவாகச் சேர்க்கும். போதிய அளவு உயர்ந்தால், பழைய பதிவுதான் இது என்று அடையாளமிடும். இந்த எல்லைகளை விருப்பத்தேர்வுகளில் நாமே மாற்றலாம், ஆனால் மாற்றத் தேவை வருவது அரிது. இது ஊகம்தான், ஆனாலும் பாதுகாப்பான ஊகம், ஏனென்றால் தவறினால் இருப்பு உடனே சொல்லிவிடும். ஏற்றி முடித்ததும் அறிக்கையின் இறுதி இருப்பைப் புத்தக இருப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஏதாவது ஒரு வரியின் தொகைக்குச் சமமாக இருந்தால் அந்த வரி விடுபட்டிருக்கிறது, அல்லது இரட்டித்திருக்கிறது. ஒரு வரியின் இரு மடங்குக்குச் சமமாக இருந்தால் பற்று வரவாகவோ வரவு பற்றாகவோ ஏறியிருக்கிறது. வித்தியாசம் பூஜ்யம் ஆகும் வரை தலைப்புகளின் பக்கம் போக வேண்டாம்.

இனி இரண்டாவது வேலை. யுபிஐ வரியின் விவரத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் இருப்பவை பொதுவாக இவை: யுபிஐ என்ற அடையாளம், பற்றா வரவா, 12 இலக்கக் குறிப்பெண், பணம் பெற்றவர் பெயர், அவருடைய வங்கி, அவருடைய யுபிஐ முகவரி, சில சமயம் நாம் எழுதிய சிறு குறிப்பு. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற கேள்விகளுக்கு இதில் பதில் இருக்கிறது. எதற்கு என்ற கேள்விக்கு இல்லை. கடைப் பலகையில் ஸ்டோர்ஸ் என்று எழுதியிருக்கும். கியூஆர் அட்டை முதலாளியின் சொந்தப் பெயரில் இருக்கும். அறிக்கையில் விழுவது அந்தப் பெயர்தான். அதே பெயரில் உங்கள் மைத்துனர் ஒருவரும் இருக்கலாம். நம் வீட்டுக் கணக்கில் ஆட்களுக்குப் போகும் பணத்தின் வகைகளைச் சற்று யோசித்துப் பாருங்கள். சீட்டுத் தவணை, கைமாற்று, கைமாற்றுத் திருப்பியது, கல்யாண மொய், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதச் செலவு, வாடகை, பால்காரர், கோயில் வரி. எல்லாமே அறிக்கையில் ஒரு மனிதரின் பெயரும் ஒரு தொகையுமாகத்தான் தெரியும். இவற்றுள் சீட்டுத் தவணை சேமிப்பு, கைமாற்று வரவேண்டிய சொத்து, வாடகை செலவு. மொய்யோ, சில வட்டாரங்களில் நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்யும் கடன். வேறு இடங்களில் திரும்ப எதிர்பார்க்காத அன்பளிப்பு. எது எது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

மென்பொருள் எப்படி ஊகிக்கிறது என்று பார்த்தால் இந்தக் குறை இன்னும் தெளிவாகும். தாமஸ் பேய்ஸ் மறைந்த பிறகு 1763-இல் வெளியான கட்டுரையிலிருந்து கிளைத்த நிகழ்தகவு முறையைத்தான் க்னூகேஷ் பயன்படுத்துகிறது. 2002-க்குப் பின் குப்பை அஞ்சலை வடிகட்டப் பரவலாகப் பயன்பட்டதும் இதே முறைதான். விவரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இதுவரை எந்தெந்தத் தலைப்புக்கு எத்தனை முறை போயிருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. கிழமையையும் ஒரு சொல்லாகச் சேர்த்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடை என்பதுபோலச் செலவுக்கும் கிழமைக்கும் உறவு உண்டு என்ற எண்ணத்தில். புது வரி வந்ததும் அதன் சொற்களின் எண்ணிக்கைகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஏதாவது ஒரு தலைப்புக்கு 90 சதத்துக்கு மேல் வந்தால் அதைப் பரிந்துரைக்கும், வராவிட்டால் கேட்கும். கேட்பதற்குச் செம்மையான ஏற்பாடுதான். ஆனால் அந்த 90 சதத்தை உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சொல் இதுவரை ஒரே ஒரு முறை வந்து, அது மருந்துத் தலைப்புக்குப் போயிருந்தால், அந்தச் சொல்லைப் பொறுத்தவரை மருந்துக்கு 100 சதம், மற்றவற்றுக்குப் பூஜ்யம். ஒரே ஒரு முன்னுதாரணத்தின் மேல் நின்றுகொண்டு அது முழு நம்பிக்கையோடு பேசும். அதோடு, நீங்கள் பார்க்காமல் ஒப்புக்கொண்ட ஒவ்வொரு தவறும் மறுபடி எண்ணிக்கையில் ஏறுகிறது. அடுத்த மாதம் அதே தவறு இன்னும் உறுதியாக வரும். கருவிகள் பட்டியலில் இறக்குமதிப் பொருத்தங்களைத் திருத்தும் சாளரம் ஒன்று இருக்கிறது. கெட்டுப்போன பாடங்களை அங்கே போய் அழிக்கலாம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நம் நாட்டு அறிக்கைகளுக்கென்றே ஒரு சிக்கல் இதில் உண்டு. க்னூகேஷ் விவரத்தைச் சொற்களாகப் பிரிப்பது இடைவெளியை வைத்து. யுபிஐ விவரம் சாய்கோடுகளாலோ சிறுகோடுகளாலோ ஒட்டப்பட்டு வருகிறது. நடுவில் பெரும்பாலும் இடைவெளி இருப்பதில்லை. எனவே குறிப்பெண் உட்பட முழு விவரமும் ஒரே சொல்லாகக் கணக்கில் சேரும். குறிப்பெண் ஒவ்வொரு முறையும் மாறுவதால் அந்தச் சொல் இனி ஒருபோதும் திரும்ப வராது. அதே பால்காரருக்கு ஆறு மாதம் பணம் அனுப்பினாலும் மென்பொருள் அவரை அடையாளம் காணாது; கிழமையை மட்டும் பார்த்து ஏதாவது ஊகிக்கும். க்னூகேஷுக்கு நம் ஊர்க் கணக்கு ஒத்துவராது என்று கைவிடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மருந்து எளிது. நகல் கோப்பில் விவர நெடுவரிசையில் மட்டும் சாய்கோட்டையும் சிறுகோட்டையும் இடைவெளியாக மாற்றுங்கள். குறிப்பெண்ணை விவரத்திலிருந்து வெட்டித் தனி நெடுவரிசையில் வைத்து, ஏற்றும்போது அதை எண் களத்தோடு இணையுங்கள். இந்த இரண்டைச் செய்ததும் பெயரும் யுபிஐ முகவரியும் தனிச் சொற்களாகி, இரண்டாவது மாதத்திலேயே பரிந்துரைகள் பயன்படத் தொடங்கும்.

ஊகத்துக்கு மாற்றாக விதி எழுதும் முறையும் இருக்கிறது. எச்லெட்ஜர் போன்ற உரைவழிக் கணக்கு மென்பொருள்களில், விவரத்தில் இந்தச் சொல் இருந்தால் இந்தத் தலைப்பு என்று ஒரு கோப்பில் நாமே எழுதிவைக்கலாம். விதி பொருந்தாத வரி தெரியாதது என்ற தலைப்பில் விழும். என் கணிப்பில் மின்வாரியம், சமையல் எரிவாயு, காப்பீட்டுத் தவணை, ஃபாஸ்டாக் போன்ற நிறுவன வரிகளுக்கு விதியே மேல், ஏனென்றால் அங்கே யாருக்கு என்பதும் எதற்கு என்பதும் ஒன்றே. மனிதர் பெயர் வரும் வரிகளுக்கு விதி எழுதவே கூடாது.

இனி இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை. தரவு மேம்பட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது முதல் வாதம். 2016-இல் ரிசர்வ் வங்கி விதிமுறை வகுத்து, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அக்கவுன்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டை இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். நம் சம்மதத்தோடு வங்கியின் தரவு நேராக இன்னொரு நிறுவனத்துக்குப் போகிறது. தரவிறக்கம், நெடுவரிசை, காற்புள்ளித் தொல்லை எதுவும் இல்லை. உண்மைதான். ஆனால் சேமிப்புக் கணக்குக்கு அது தரும் களங்களைப் பாருங்கள்: பற்றா வரவா, எந்த வழியில், தொகை, அப்போதைய இருப்பு, நேரம், மதிப்புத் தேதி, பரிவர்த்தனை எண், விவரம், குறிப்பெண். முதல் வேலைக்கு இதைவிட நல்ல தரவு கேட்க முடியாது. இரண்டாவது வேலைக்கு மறுபடியும் அதே பழைய விவர வரிதான். குறுஞ்செய்தியைப் படித்துக் கணக்கெழுதும் செயலிகளுக்கோ அதுகூடக் கிடைப்பதில்லை. சிறு தொகை யுபிஐக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்ட வங்கிகளும் இருக்கின்றன.

அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு நான்கு இலக்க வணிகக் குறியீடு உண்டே என்பது இரண்டாவது வாதம். பேரங்காடிக்கு 5411, உணவகத்துக்கு 5812, ஏடிஎம்முக்கு 6011 என்று உலகம் முழுக்க ஒரே பட்டியல். கையில் கிடைக்கும் அறிக்கையில் இது பெரும்பாலும் அச்சாவதில்லை என்பது ஒருபுறம். அச்சானாலும் அது கடை என்ன தொழில் செய்கிறது என்பதைச் சொல்லும். நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதைச் சொல்லாது. பேரங்காடியில் 3,200 ரூபாய்க்கு அரிசி, பள்ளி நோட்டுகள், பரிசுக்கு ஒரு பாத்திரம் வாங்கினால் எல்லாம் 5411. பில்லைப் பார்த்து மூன்றாகப் பிரிப்பது மனித வேலை. பிரிக்கும் அளவுக்கு அது பெரிய தொகையா என்று முடிவெடுப்பதும்தான்.

மூன்றாவது வாதம் வலுவானது. லட்சக்கணக்கான பயனர்களின் தரவிலிருந்து கற்ற செயலி, ஒரு தனி மனிதரின் நினைவைவிடச் சரியாகச் சொல்லாதா? நாடு முழுக்கக் கிளை பரப்பிய உணவகத்துக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் சொல்லும், மறுக்கவில்லை. ஆனால் அது சொல்வது, மற்றவர்கள் பெரும்பாலும் அங்கே எதற்காகப் பணம் கொடுக்கிறார்கள் என்பதை. உங்கள் அக்காவுக்குப் போன 10,000 ரூபாயைப் பற்றி மற்ற லட்சம் பேருக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக் கணக்கில் சிக்கலான வரிகளெல்லாம் இந்த வகைதான். இன்னொரு கவலையும் உண்டு. 2007-இல் தொடங்கி, 2009-இல் இன்ட்யூட் வாங்கிய மின்ட் என்ற சேவை அமெரிக்காவில் தானாகத் தலைப்பிடுவதைப் பிரபலமாக்கியது. 2024 மார்ச்சில் அது மூடப்பட்டது. பழைய வரிகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிந்தது. ஆனால் தலைப்பிடப் பழக்கிய அறிவு சேவையோடு போய்விட்டது. க்னூகேஷில் அந்த எண்ணிக்கைகள் உங்கள் கணக்குக் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. காப்பு நகல் எடுத்தால் அவையும் சேர்ந்து வரும்.

நேரம் யாருக்கு இருக்கிறது என்பது கடைசி வாதம். நியாயமான கேள்வி. மாதம் 150 வரிக்கும் ஒன்றொன்றாகத் தலைப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறுவன வரிகள் விதியிலோ பரிந்துரையிலோ சரியாகவே விழும். அவற்றை ஓட்டமாகப் பார்த்தால் போதும். கண் நிற்க வேண்டியது மனிதர் பெயர் உள்ள வரிகளிலும், பெரிய தொகைகளிலும், மென்பொருள் முதன்முறையாகப் பரிந்துரைக்கும் இடங்களிலும். இதை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் வாரம் ஒருமுறை செய்யச் சொல்வேன். எதற்கு என்ற கேள்விக்குப் பதில் உங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது, 5-ஆம் தேதி கொடுத்த 450 ரூபாய் எதற்கென்று 30-ஆம் தேதி நினைவில் இருக்காது. பணம் அனுப்பும்போதே செயலியின் குறிப்புப் பெட்டியில் ஒரு சொல் தட்டிவிடுவது அதைவிட நல்லது. பல வங்கிகளின் அறிக்கையில் அந்தச் சொல் விவரத்தின் கடைசியில் வந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் தட்டுங்கள். தமிழ் எழுத்து சில அறிக்கைகளில் கேள்விக்குறிகளாக மாறி வருகிறது. மொய், சீட்டு, கைமாற்று என்று நான்கைந்து சொற்களை நிலையாக வைத்துக்கொண்டால் மென்பொருளும் அவற்றைக் கற்றுக்கொள்ளும். எதற்கு என்ற தகவலைத் தரவுக்குள் கொண்டுவர இப்போதைக்கு இருக்கும் ஒரே வழி இது.

தலைப்புகளைக் குறைவாக வையுங்கள். காய்கறி, பழம், மளிகை என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு வரியிலும் தயக்கம் வரும். தயங்குகிற இடத்தில் பரிந்துரையை அப்படியே ஒப்புக்கொள்ளும் பழக்கமும் வரும். தலைப்பு தெரியாத வரியை க்னூகேஷ் இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர் என்ற கணக்கில் போடும். அதில் கொஞ்சம் தேங்கிக் கிடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலசரக்கு என்று பொய்யாக எழுதுவதைவிடத் தெரியவில்லை என்று எழுதுவது பின்னால் தேடுவதற்கு வசதி.

சொந்தக் கணக்குகளுக்குள் நடக்கும் மாற்றல்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைப்பில் நேரும் பிழைகளில் மொத்தச் செலவையே கெடுப்பவை இவைதான். கடன் அட்டையில் 18,000 ரூபாய்க்குச் செலவு செய்து, அந்தப் பாக்கியைச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டினால், அட்டை அறிக்கையில் 18,000 செலவு, வங்கி அறிக்கையில் 18,000 பற்று. இரண்டையும் செலவென்று எடுத்துக்கொள்ளும் செயலி உங்களை 36,000 செலவழித்தவராகக் காட்டும். இரட்டைப் பதிவு முறையில் அட்டை ஒரு கடன் கணக்கு. பாக்கி கட்டியது ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றல் மட்டுமே. வங்கிக் கோப்பை முதலில் ஏற்றி, அந்த வரிக்கு எதிர்க்கணக்காக அட்டையைக் காட்டுங்கள். பிறகு அட்டைக் கோப்பை ஏற்றும்போது அதே தொகை ஏற்கெனவே அங்கே இருப்பதைப் பொருத்தும் சாளரம் கண்டுகொள்ளும். கட்டிய தேதிக்கும் அட்டையில் வரவான தேதிக்கும் ஓரிரு நாள் இடைவெளி இருந்தாலும் நான்கு நாள் வரம்பு அதைத் தாங்கும். ஏடிஎம்மில் எடுத்த பணமும் செலவல்ல, கைரொக்கக் கணக்குக்கு மாற்றல். திரும்பி வந்த பொருளுக்குக் கிடைத்த பணம் வருமானமல்ல. முன்பு எந்தச் செலவுத் தலைப்பில் போட்டீர்களோ அதிலேயே குறைக்க வேண்டும்.

தலைப்புகளுக்குச் சாட்சி இல்லை என்று தொடக்கத்தில் சொன்னதற்கு ஒரு சிறிய விலக்கு உண்டு. வருமான வரித் துறையின் தளத்தில் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வட்டி, பங்காதாயம், பிடித்தம் செய்த வரி ஆகியவை உங்கள் பான் எண்ணின் கீழ் பட்டியலாக இருக்கும். நிதியாண்டு முடிந்ததும் உங்கள் வட்டித் தலைப்பின் கூட்டுத்தொகையை அதோடு ஒப்பிடுங்கள். நிரந்தர வைப்பில் 60,000 ரூபாய் வட்டி வந்து, 6,000 வரியாகப் பிடிக்கப்பட்டிருந்தால், வங்கி வரியில் 54,000 மட்டுமே தெரிய வாய்ப்புண்டு. மென்பொருளும் 54,000 ரூபாயை வட்டி என்று எழுதியிருக்கும். அந்தப் பதிவைத் திறந்து, வட்டி வருமானம் 60,000, முன்கட்டிய வரி 6,000, வங்கி வரவு 54,000 என்று பிரித்து எழுதுங்கள். சேமிப்புக் கணக்கு வட்டி பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவாகும். உங்கள் புத்தகத்தில் நான்குக்குப் பதில் மூன்று பதிவே இருந்தால், நான்காவது ஏதோ வேறு தலைப்பில் கிடக்கிறது என்று பொருள். சம்பளத் தலைப்பையும் வரவுத் தலைப்புகளையும் அந்தத் தொகைக்குத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.